செயலி கிராஷ் ஆனதும் கைப்பேசியிலிருந்து பதிவுகளை எடுப்பது: முழுமையான வழிகாட்டி

செயலி ஒன்று பயன்பாட்டின் நடுவே திடீரென மூடிக்கொள்ளும்போது, அது ஏன் நின்றது என்பதைக் கைப்பேசியின் இயங்குதளம் பெரும்பாலும் எங்கோ ஓரிடத்தில் எழுதி வைத்துவிடுகிறது. ஆனால் அந்தப் பதிவுகள் எல்லாமே ஒரே அளவு காலம் நிலைப்பதில்லை. சில பதிவுகள் நினைவகத்தில் சில நிமிடங்களுக்கு மட்டுமே இருக்கும். சில, கைப்பேசியை அணைத்துப் போட்டால் போய்விடும். சில, சேமிப்பகத்தில் கோப்பாகப் பல நாட்கள் தங்கும். ஆகவே எந்தக் கருவியால் எடுக்கிறோம் என்பதைவிட எந்த வரிசையில் எடுக்கிறோம் என்பதே இந்த வேலையில் முக்கியம்: எது முதலில் அழியுமோ அதை முதலில் எடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டையும் இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே விளக்குகிறது.

கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன்; டெர்மினலில் (கணினியில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்ய வேண்டும். கழித்தல் குறியோடு ஓரெழுத்து மட்டும் வரும் இடங்களில், அது எந்தச் சொல்லின் முதலெழுத்து என்பதையும் சொல்லியிருக்கிறேன். வேறாகக் குறிப்பிடாத வரை அவை எல்லாம் சிறிய எழுத்துகள்.

கேபிளைச் செருகுவதற்கு முன்

கிராஷ் ஆனவுடன் கைப்பேசியை மறுதொடக்கம் செய்யாதீர்கள். ஆண்ட்ராய்டில் லாக்கேட் என்ற பதிவு வாசிக்கும் கருவி காட்டும் பதிவுகள் நினைவகத்தில் இருப்பவை. மறுதொடக்கத்தில் அவை முழுவதும் மறைந்துவிடும். செயலியை நீக்கி மீண்டும் நிறுவுவது அதைவிடப் பெரிய இழப்பு. கெட்டுப்போன தரவுத்தளக் கோப்போ பழைய பதிப்பிலிருந்து மிஞ்சிய ஒரு மதிப்போ கிராஷுக்குக் காரணமாக இருந்தால், அந்தக் காரணமும் செயலியோடு சேர்ந்து நீங்கிவிடும். அதன்பின் செயலி ஒழுங்காக ஓடுவதைக் கண்டு, பிழை தானாகவே சரியாகிவிட்டது என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவோம்.

மீண்டும் மீண்டும் கிராஷ் செய்து பார்ப்பதையும் சற்றுத் தள்ளிப்போடுங்கள். நான் ஒருமுறை, பிழையை உறுதிசெய்துகொள்ளும் ஆவலில் அதே திரையை முப்பது முறைக்கு மேல் திறந்து மூடிவிட்டுத்தான் பதிவை எடுத்தேன். முதல் கிராஷின் வரிகள் அதற்குள் பின்னால் வந்த வரிகளால் தள்ளப்பட்டு மறைந்திருந்தன. என் கையில் எஞ்சியவை எல்லாம், முதல் கிராஷின்போது பாதி எழுதப்பட்டு நின்ற ஒரு கோப்பைத் திறக்க முயன்றதால் எழுந்த பின்விளைவுப் பிழைகள். அவற்றை மூலக் காரணம் என்று எண்ணித் துரத்தியதில் இரண்டு நாட்கள் போயின.

இந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலை எளியது. முடிந்தால் உடனே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்; மேல்பட்டியில் நேரம், பேட்டரி அளவு, வலையிணைப்பின் நிலை மூன்றும் அதில் பதிவாகிவிடும். பிறகு செயலியின் பதிப்பு, அதன் பில்டு எண், இயங்குதளத்தின் பதிப்பு, கைப்பேசியின் மாடல், கடைசியாகத் தொட்ட பொத்தான், செயலி அப்போது திரையில் இருந்ததா பின்னணியில் இருந்ததா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரத்தைக் கைப்பேசியின் கடிகாரப்படியே குறியுங்கள், நேர மண்டலத்தையும் சேர்த்து. பல லட்சம் வரிகள் கொண்ட பதிவில் நமக்கு வேண்டிய இருபது வரிகளைக் கண்டுபிடிக்க இந்த ஒரு குறிப்பு போல் உதவுவது வேறொன்றும் இல்லை.

பயனர் “செயலி மூடிவிட்டது” என்று சொல்லும் நிகழ்வு மூன்று வகையாக இருக்கலாம் என்பதையும் இங்கேயே மனதில் கொள்ள வேண்டும். செயலியின் குறிமுறையில் எழுந்த பிழையால் அது நின்றிருக்கலாம். நெடுநேரம் பதிலளிக்காமல் உறைந்ததால் இயங்குதளமோ பயனரோ அதை மூடியிருக்கலாம். நினைவகம் போதாமல் இயங்குதளம் அதை வெளியேற்றியிருக்கலாம். பயனரின் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். பதிவுகளோ மூன்று வெவ்வேறு இடங்களில் கிடக்கும். வகையை அறியாமல் தேடினால், இல்லாத ஸ்டேக் டிரேஸை (பிழை எழுந்தபோது ஒன்றையொன்று அழைத்திருந்த செயற்கூறுகளின் பட்டியல்) தேடி நாள் முழுக்க அலைய நேரும்.

ஆண்ட்ராய்டு: இணைப்பை ஏற்படுத்துதல்

கணினியில் ஆண்ட்ராய்டு எஸ்டிகே பிளாட்ஃபார்ம் டூல்ஸ் என்ற தொகுப்பை நிறுவ வேண்டும். கணினியிலிருந்து கைப்பேசிக்குக் கட்டளைகளை அனுப்பும் ஏடிபி என்ற கருவி அதில்தான் வருகிறது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ இருந்தால் அதனுடனேயே இதையும் நிறுவிக்கொள்ளலாம். கைப்பேசியில் அமைப்புகளுக்குள் சென்று, கைப்பேசியைப் பற்றிய பக்கத்தில் உள்ள பில்டு எண்ணை 7 முறை தொட்டால் டெவெலப்பர் விருப்பங்கள் என்ற பட்டியல் திறக்கும். ஆண்ட்ராய்டு 4.2 முதல் இது இப்படி மறைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் யூஎஸ்பி பிழைத்திருத்தம் என்பதை இயக்கி, கேபிளால் கணினியோடு இணையுங்கள். கணினியின் சாவியை ஏற்கலாமா என்று கைப்பேசித் திரை கேட்கும், ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்போது டெர்மினலில் ‘ஏடிபி டிவைசஸ்’ என்று கொடுத்தால், கைப்பேசியின் வரிசை எண்ணும் அதன் எதிரே ‘டிவைஸ்’ என்ற சொல்லும் தெரிய வேண்டும். ‘அன்ஆத்தரைஸ்டு’ என்று வந்தால் கைப்பேசித் திரையில் அனுமதிக் கேள்வி இன்னும் காத்திருக்கிறது என்று பொருள். பட்டியல் வெறுமையாக இருந்தால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். மின்னேற்றத்துக்கு மட்டுமே பயன்படும், தரவுக் கம்பிகள் இல்லாத கேபிள்கள் ஏராளமாகப் புழங்குகின்றன. அடுத்ததாக, விண்டோஸில் அந்தக் கைப்பேசிக்குரிய யூஎஸ்பி டிரைவரையும், லினக்ஸில் சாதன அனுமதிகளைத் தீர்மானிக்கும் யூடெவ் விதிகளையும் சரிபாருங்கள்.

ஆண்ட்ராய்டு 11 முதல் கேபிள் இல்லாமலும் இணைக்கலாம். கணினியும் கைப்பேசியும் ஒரே வைஃபையில் இருக்கும்போது, டெவெலப்பர் விருப்பங்களில் கம்பியில்லாப் பிழைத்திருத்தத்தை இயக்கினால், இணைப்பு முகவரியும் 6 இலக்கக் குறியீடும் திரையில் தோன்றும். ‘ஏடிபி பேர்’ கட்டளைக்கு அவற்றைக் கொடுத்த பின், ‘ஏடிபி கனெக்ட்’ கட்டளையால் இணைய வேண்டும். இணைவதற்கான போர்ட் எண்ணும் ஜோடி சேர்ப்பதற்கான போர்ட் எண்ணும் வேறு வேறு. இங்கே பலர் தடுமாறுகிறார்கள். மின்னேற்றத்தின்போது மட்டும் அல்லது மின்னேற்றம் இல்லாதபோது மட்டும் நிகழும் கிராஷுகளை ஆராய இந்த வழி மிகவும் ஏற்றது, ஏனெனில் கேபிளைச் செருகிய கணமே சூழல் மாறிவிடுகிறது.

ஆண்ட்ராய்டு: லாக்கேட்

ஆண்ட்ராய்டின் பதிவு அமைப்பு வளைய வடிவத் தாங்ககங்களால் (பஃபர்களால்) ஆனது. தாங்ககம் நிரம்பியதும் மிகப் பழைய வரிகள் வெளியேறிப் புதிய வரிகள் உள்ளே வருகின்றன. மெயின், சிஸ்டம், கிராஷ், ஈவன்ட்ஸ், ரேடியோ என இவை தனித்தனியே உள்ளன. மெயின் தாங்ககத்தில் எல்லாச் செயலிகளும் எழுதுவதால் அது வேகமாக நிரம்புகிறது; கிராஷ் தாங்ககத்தில் கிராஷ் செய்திகள் மட்டுமே விழுவதால் அதன் வரிகள் நீண்ட நேரம் தங்குகின்றன. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

கிராஷ் ஏற்கெனவே நடந்துவிட்டது என்றால், முதலில் உள்ளதையெல்லாம் ஒரு கோப்பில் கொட்டிவிடுங்கள். ‘ஏடிபி லாக்கேட்’ என்பதை அடுத்து, பஃபர் என்பதன் முதலெழுத்தைக் கழித்தல் குறியோடு கொடுத்து ‘ஆல்’ என்று எழுதி, டம்ப் என்பதன் முதலெழுத்தையும் கழித்தல் குறியோடு சேர்த்து, வெளியீட்டைப் பெரிது குறியால் ஒரு கோப்புக்குத் திருப்புங்கள். டம்ப் தெரிவு, இருக்கும் வரிகளைத் தந்துவிட்டுக் கட்டளையை முடித்துக்கொள்ளும். அது இல்லாவிட்டால் கட்டளை ஓடிக்கொண்டே இருக்கும். ‘ஆல்’ என்ற இடத்தில் ‘கிராஷ்’ என்று எழுதி இன்னொரு கோப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். வடிகட்டுவது, தேடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். கோப்பாகக் கைக்கு வந்த பதிவை எத்தனை முறை வேண்டுமானாலும் வடிகட்டலாம். எடுக்கும்போதே வடிகட்டிவிட்டால் விடுபட்டதை மீட்க வழியில்லை.

கிராஷை மீண்டும் வரவழைக்க முடியும் என்றால், முன்னேற்பாடு செய்துகொள்ளலாம். லாக்கேட்டுக்குக் கழித்தல் குறியோடு சிறிய ஜி எழுத்தைக் கொடுத்தால் தாங்ககங்களின் தற்போதைய அளவு தெரியும். பெரிய ஜி எழுத்தோடு 16எம் என்று கொடுத்தால் அளவு 16 மெகாபைட்டாக உயரும். பல கைப்பேசிகளில் தொடக்க அளவு 256 கிலோபைட் போன்ற சிறிய அளவாகவே இருக்கிறது. அரட்டை மிகுந்த கைப்பேசியில் அது வெகு விரைவில் நிரம்பிவிடும். டெவெலப்பர் விருப்பங்களிலும் இதே அளவை மாற்றலாம். பிறகு, கிளியர் என்பதன் முதலெழுத்தால் தாங்ககங்களைத் துடைத்துவிட்டு, கோப்புக்குத் திருப்பியபடி லாக்கேட்டை ஓடவிட்டு, கிராஷுக்கு இட்டுச்செல்லும் படிகளை நிதானமாக ஒருமுறை செய்யுங்கள். பழைய பதிவைச் சேமிக்காமல் துடைக்கும் கட்டளையை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

ஒரு செயலியின் வரிகளை மட்டும் காண, ‘ஏடிபி ஷெல் பிட்ஆஃப்’ என்பதோடு பேக்கேஜ் பெயரை (செயலியின் தனித்துவமான உள்பெயர்) கொடுத்து, ஓடும் செயலிக்கு இயங்குதளம் இட்ட செயல்முறை எண்ணைப் பெற்று, அந்த எண்ணை லாக்கேட்டின் ‘பிட்’ தெரிவுக்குத் தரலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. செயலி கிராஷ் ஆகி மீண்டும் திறந்தால் அதன் செயல்முறை எண் மாறிவிடும். புதிய எண்ணைக் கொண்டு வடிகட்டினால் கிராஷின் வரிகள் ஒன்றுகூட வராது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் லாக்கேட் சாளரம் பேக்கேஜ் பெயரைக் கொண்டே வடிகட்டுவதால் இந்தத் தொல்லை அங்கே இல்லை.

ஆண்ட்ராய்டு: பதிவைப் படித்தல்

ஜாவா அல்லது கோட்லின் குறிமுறையில் எழுந்த கிராஷ் என்றால், ‘ஆண்ட்ராய்டு ரன்டைம்’ என்ற அடையாளத்தின் கீழ் ‘ஃபேட்டல் எக்செப்ஷன்’ என்று தொடங்கும் வரி இருக்கும். அதே வரியில் திரெட்டின் (செயலிக்குள் தனியே ஓடும் பணியோட்டம்) பெயரும், அடுத்த வரியில் பேக்கேஜ் பெயரும் செயல்முறை எண்ணும் வரும். பிறகு ஸ்டேக் டிரேஸ் தொடங்குகிறது. மேலிருந்து படிக்கத் தொடங்கினாலும் அங்கேயே நின்றுவிடக் கூடாது. கீழே ‘காஸ்டு பை’ என்று தொடங்கும் பகுதிகளில் கடைசியானதே மூலப் பிழை. அந்தக் கடைசிப் பகுதியில், உங்கள் செயலியின் பேக்கேஜ் பெயர் தாங்கிய முதல் வரி எதுவோ அங்கிருந்து விசாரணையைத் தொடங்குங்கள். கிராஷுக்கு முந்தைய முப்பது நாற்பது வினாடிகளின் வரிகளையும் படிக்க வேண்டும். வலையிணைப்பு அறுந்தது, திரை சுழன்றது, அனுமதி மறுக்கப்பட்டது போன்ற சூழ்நிலைகள் அங்கேதான் தெரியும்; ஸ்டேக் டிரேஸ் எங்கே விழுந்தது என்பதைச் சொல்லுமே தவிர, எது தள்ளியது என்பதை எப்போதும் சொல்லாது.

சி அல்லது சி++ நூலகத்தில் எழுந்த நேட்டிவ் கிராஷ் வேறு வகையாகத் தோன்றும். நட்சத்திரக் குறிகள் நிறைந்த ஒரு வரியை அடுத்து, கைப்பேசியின் பில்டு விவரமும், சிக்னல் எண்ணும் (எந்த வகைப் பிழையால் நின்றது என்பதைச் சொல்வது), பின்தடமும் (ஸ்டேக் டிரேஸ் போன்றதே) வரும். சிக்னல் 11 என்றால் அனுமதியில்லாத நினைவக முகவரியைத் தொட்டதாகப் பொருள். முகவரி சுழி அல்லது அதற்கு மிக அருகில் என்றால் பெரும்பாலும் எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டியே காரணம். சிக்னல் 6 என்றால் செயலியோ நூலகமோ தானே நிறுத்தும்படி கேட்டிருக்கிறது. அதற்கான காரணம் ‘அபார்ட் மெசேஜ்’ என்ற வரியில் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். இதே விவரம் விரிவாக, டூம்ஸ்டோன் எனப்படும் கோப்பிலும் சேமிக்கப்படுகிறது. அந்தக் கோப்புகள் உள்ள அடைவை ரூட் எனப்படும் முழு நிர்வாக அனுமதியின்றி நேரடியாகத் திறக்க முடியாது. சற்றுப் பின்னால் சொல்லப்படும் பிழை அறிக்கை வழியாக அவற்றைப் பெறலாம்.

உறைந்து நின்ற செயலிக்கு ஏஎன்ஆர் (‘செயலி பதிலளிக்கவில்லை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற பதிவு இருக்கும். திரையைத் தொட்டதற்கு 5 வினாடிகளுக்குள் செயலி பதிலளிக்காவிட்டால் ஆண்ட்ராய்டு இதை எழுதுகிறது. அந்த நேரத்தில் ஒவ்வொரு திரெட்டும் என்ன செய்துகொண்டிருந்தது என்ற முழுப் படமும் அதில் உண்டு. மெயின் திரெட் ‘பிளாக்டு’ நிலையில் இருந்தால், அது காத்திருக்கும் பூட்டை எந்தத் திரெட் வைத்திருக்கிறது என்ற எண்ணும் அருகிலேயே இருக்கும். அந்த எண்ணைப் பிடித்து அடுத்த திரெட்டுக்குச் செல்லுங்கள், குற்றவாளி பெரும்பாலும் அங்கே இருக்கும். மெயின் திரெட் சும்மா இருப்பதாகப் பதிவு காட்டினால், படம் எடுக்கப்படும் முன்பே அடைப்பு விலகிவிட்டது என்று கொண்டு, அதற்கு முந்தைய லாக்கேட் வரிகளையும் சிபியூ பயன்பாட்டு விவரத்தையும் பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு: நேரம் கடந்துவிட்டால்

லாக்கேட்டில் வரிகள் போய்விட்டால் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். கைவிடத் தேவையில்லை. மறுதொடக்கத்தையும் தாண்டி நிலைக்கும் இடங்கள் இரண்டு உண்டு. முதலாவது டிராப்பாக்ஸ் என்ற உள்சேவை; கோப்புப் பகிர்வுக்கான வணிகச் சேவைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ‘ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் டிராப்பாக்ஸ்’ என்பதோடு ‘பிரின்ட்’ தெரிவையும், டேட்டா, ஆப், கிராஷ் என்ற மூன்று சொற்களை அடிக்கோட்டால் இணைத்த பெயரையும் கொடுத்தால், சேமிப்பகத்தில் உள்ள அண்மைய கிராஷுகளின் ஸ்டேக் டிரேஸ்கள் நேரத்தோடு வரிசையாக வரும். கடைசிச் சொல்லை ஏஎன்ஆர் என்று மாற்றினால் உறைந்த நிகழ்வுகள் வரும். நேற்று நடந்த கிராஷை இன்று கண்டுபிடிக்க இது பலமுறை எனக்கு உதவியிருக்கிறது.

இரண்டாவது, ஆண்ட்ராய்டு 11 முதல் உள்ள வெளியேற்ற வரலாறு. ‘டம்ப்சிஸ் ஆக்டிவிட்டி’ என்பதோடு, எக்ஸிட், இன்ஃபோ என்ற இரு சொற்களை இணைகோட்டால் சேர்த்து, பேக்கேஜ் பெயரையும் கொடுங்கள். செயலி ஒவ்வொரு முறையும் எதனால் முடிந்தது என்று, கிராஷ், நேட்டிவ் கிராஷ், ஏஎன்ஆர், நினைவகப் பற்றாக்குறை, பயனரே நிறுத்தியது என வகைபிரித்துக் காட்டும். முன்பு சொன்ன மூன்று வகைகளில் நம்முடையது எது என்ற கேள்விக்கு ஆண்ட்ராய்டில் இதைவிட நேரடியான பதில் இல்லை. செயலியின் குறிமுறையிலிருந்தும் இதே வரலாற்றைக் கேட்டுப் பெறலாம் என்பதால், அடுத்த முறை செயலி திறக்கும்போது முந்தைய முடிவின் காரணத்தைச் சேவையகத்துக்கு அனுப்பும்படியும் எழுதலாம்.

எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகப் பெற ‘ஏடிபி பக்ரிப்போர்ட்’ கட்டளை இருக்கிறது. சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டு, லாக்கேட், டம்ப்சிஸ் வெளியீடுகள், ஏஎன்ஆர் படங்கள், டூம்ஸ்டோன்கள் அனைத்தையும் ஒரு ஜிப் கோப்பில் தரும். கணினி இல்லாத பயனரிடமும் இதைக் கேட்கலாம். டெவெலப்பர் விருப்பங்களிலேயே பிழை அறிக்கை எடுக்கும் வசதி உள்ளது, முடிந்ததும் அறிவிப்பைத் தொட்டுப் பகிரலாம். ஜிப்பைப் பிரித்ததும் பெயரில் பக்ரிப்போர்ட் என்று தொடங்கும் பெரிய உரைக் கோப்பைத் திறந்து, குறித்து வைத்த நேரத்தைத் தேடுங்கள். எஃப்எஸ் என்ற அடைவுக்குள் டேட்டா என்பதன் கீழே ஏஎன்ஆர் கோப்புகளும் டூம்ஸ்டோன்களும் கிடைக்கும். பக்ரிப்போர்ட் எடுப்பதே கைப்பேசிக்குப் பெரிய வேலை என்பதால், லாக்கேட்டைச் சேமித்த பிறகே இதைத் தொடங்குங்கள்.

ஆண்ட்ராய்டு 4.1 முதல் சாதாரணச் செயலியால் தன் சொந்தப் பதிவுகளை மட்டுமே படிக்க முடியும். எனவே பிளே ஸ்டோரில் கிடைக்கும் பதிவு வாசிப்புச் செயலிகளை நிறுவும்படி பயனரிடம் சொல்வதால் பயன் இல்லை.

ஐஓஎஸ்: கைப்பேசியிலேயே இருக்கும் அறிக்கை

ஐஃபோனில் கிராஷ் அறிக்கை தனித்தனிக் கோப்பாக எழுதப்படுகிறது. இதனால் அவசரம் சற்றுக் குறைவு. அமைப்புகளில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் அனலிடிக்ஸ் அண்ட் இம்ப்ரூவ்மென்ட்ஸ், அதற்குள் அனலிடிக்ஸ் டேட்டா என்று சென்றால் நீண்ட பட்டியல் வரும். செயலியின் பெயரோடு தேதியும் நேரமும் சேர்ந்த, ஐபிஎஸ் என்று முடியும் கோப்பே நமக்கு வேண்டியது. அதைத் திறந்து பகிர்வுப் பொத்தானால் அனுப்பலாம். உள்ளடக்கத்தை நகலெடுத்து ஒட்டி அனுப்புவதைவிடக் கோப்பாகவே அனுப்பச் சொல்லுங்கள், ஏனெனில் ஐஓஎஸ் 15 முதல் இது ஜேசன் என்ற கட்டமைப்புள்ள உரை வடிவில் இருக்கிறது. நடுவே ஒரு குறி விடுபட்டாலும் கருவிகளால் அதைப் படிக்க முடியாது.

மேக் கணினியில் எக்ஸ்கோடு (ஆப்பிளின் செயலி உருவாக்கும் மென்பொருள்) இருந்தால், விண்டோ பட்டியலில் டிவைசஸ் அண்ட் சிமுலேட்டர்ஸ் சாளரத்தைத் திறந்து, கைப்பேசியின் பதிவுகளைக் காட்டும் பொத்தானை அழுத்தலாம். லினக்ஸில் லிப்ஐமொபைல்டிவைஸ் தொகுப்பின் ‘ஐடிவைஸ்கிராஷ்ரிப்போர்ட்’ கருவி இதே வேலையைச் செய்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: இயல்புநிலையில் அது அறிக்கைகளைக் கணினிக்கு எடுத்துக்கொண்டு கைப்பேசியிலிருந்து நீக்கிவிடும். கீப் என்பதன் முதலெழுத்தைக் கழித்தல் குறியோடு சேர்த்தால் மட்டுமே கைப்பேசியில் பிரதி எஞ்சும். பிறருடைய கைப்பேசியில் இதை மறக்கக் கூடாது.

ஐஓஎஸ்: ஓடும் பதிவும் சிஸ்டயக்னோஸும்

கிராஷுக்கு முந்தைய வரிகள் வேண்டுமென்றால் மேக்கின் கன்சோல் செயலியைத் திறந்து, இடப்பக்கம் கைப்பேசியைத் தேர்ந்து, ஓட்டத்தைத் தொடங்குங்கள். ஆக்‌ஷன் பட்டியலில் இன்ஃபோ, டீபக் செய்திகளைச் சேர்க்கும் தெரிவுகளை இயக்குவது அவசியம். ஐஓஎஸ் 10 முதல் உள்ள ஒருங்கிணைந்த பதிவு அமைப்பில், சாதாரண நிலைச் செய்திகள் சேமிப்பகத்துக்குச் செல்கின்றன. இன்ஃபோ செய்திகள் இயல்பாக நினைவகத்தோடு நின்றுவிடுகின்றன. டீபக் செய்திகளோ, கேட்பவர் இருந்தால்தான் பிடிக்கப்படுகின்றன. ஆகவே குறிமுறையில் டீபக் நிலையில் எழுதிய வரிகளைக் கிராஷுக்குப் பிறகு தேடுவது வீண். கிராஷுக்குப் பின் கட்டாயம் தேவைப்படும் வரிகளை எழுதும்போதே உயர்ந்த நிலையில் எழுத வேண்டும். மாறும் சரங்கள் ‘பிரைவேட்’ என்று மறைக்கப்பட்டு வருவதும் இந்த அமைப்பின் இயல்பே; தனிப்பட்ட தகவல் அல்லாத மதிப்புகளைப் பொதுவானவை என்று குறிமுறையில் அறிவித்தால் அவை தெரியும்.

கணினி அருகில் இல்லாதபோது, கைப்பேசியின் பதிவுகளை ஒரே தொகுப்பாகத் திரட்டும் சிஸ்டயக்னோஸ் உதவும். இரண்டு ஒலியளவுப் பொத்தான்களையும் பக்கவாட்டுப் பொத்தானையும் ஒருசேர ஒன்று முதல் ஒன்றரை வினாடி வரை அழுத்திவிட வேண்டும். ஐஃபோன் சிறிதாக அதிரும். சுமார் 10 நிமிடங்களுக்குப் பின், அனலிடிக்ஸ் டேட்டா பட்டியலில் சிஸ்டயக்னோஸ் என்று தொடங்கும் பெரிய கோப்பு தோன்றும். அதைப் பிரித்தால் கிடைக்கும் லாக்ஆர்க்கைவ் என்ற பதிவுக் காப்பகத்தை கன்சோலில் திறந்து, கடந்த நேரத்தின் பதிவைப் பார்க்கலாம். நெடுநேரம் அழுத்தினால் அணைக்கும் திரையும் அவசர அழைப்புத் திரையும் வந்துவிடும் என்பதைப் பயனரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஐஓஎஸ்: அறிக்கை சொல்வது என்ன

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியவை எக்செப்ஷன் டைப், டெர்மினேஷன் ரீசன் என்ற இரு வரிகள். ‘பேட் ஆக்சஸ்’ என்றால் தவறான நினைவக அணுகல். ‘பிரேக்பாயின்ட்’ என்று வந்து செயலி ஸ்விஃப்டில் எழுதப்பட்டதாக இருந்தால், வெறுமையாக இருந்த ஆப்ஷனலை (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற வகை மாறி) வலிந்து திறந்தது, வரிசையின் எல்லையைத் தாண்டியது போன்ற இயக்கநேரச் சோதனைத் தோல்வியாகவே பெரும்பாலும் இருக்கும். பிறகு கிராஷ் ஆன திரெட்டின் எண்ணைக் கண்டு, அதன் பின்தடத்தைப் படியுங்கள்.

முடிவுக் காரணமாகப் பதினறும எண் ஒன்று வந்தால் அதை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். ‘ஏட் பேட் ஃபுட்’ என்று ஒலிக்கும் எண், வாட்ச்டாக் என்ற காவல் அமைப்பு செயலியை நிறுத்தியதைக் குறிக்கிறது. செயலி திறக்கவோ திரைக்கு வரவோ வரம்புக்கு மீறி நேரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. டீபக்கர் (பிழை ஆராயும் கருவி) இணைந்திருக்கும்போது வாட்ச்டாக் செயல்படுவதில்லை. “என் மேசையில் ஒழுங்காகத் திறக்கிறது, பயனரிடம் மட்டும் மூடிக்கொள்கிறது” என்ற புகார்களில் பல இதனால் வருபவை. எக்ஸ்கோடிலிருந்து ஓட்டாமல், செயலியைக் கையால் தொட்டுத் திறந்து சோதிக்க வேண்டும். ‘டெட் லாக்’ என்று ஒலிக்கும் எண், செயலி பின்னணியில் உறங்கவிருக்கும் தருணத்தில் கோப்புப் பூட்டையோ எஸ்க்யூலைட் தரவுத்தளப் பூட்டையோ விடாமல் பிடித்திருந்தது என்பதைச் சொல்கிறது.

செயலியின் பெயரில் அறிக்கையே இல்லை என்றால், ஜெட்சம்ஈவன்ட் என்று தொடங்கும் கோப்பு அதே நேரத்தில் இருக்கிறதா பாருங்கள். நினைவகப் பற்றாக்குறையால் செயலிகள் வெளியேற்றப்பட்டதன் பதிவு அது. அதில் ஸ்டேக் டிரேஸ் கிடையாது. ஒவ்வொரு செயல்முறையும் எத்தனை நினைவகப் பக்கங்களை வைத்திருந்தது என்ற எண்ணிக்கையே இருக்கும். அதை அறிக்கையின் தலைப்பில் உள்ள பக்க அளவால் பெருக்க வேண்டும். பக்க அளவு 16,384 பைட் என்றால், 65,536 பக்கங்கள் 1 ஜிகாபைட் ஆகின்றன. செயலியின் வரியில் காரணமாக ‘பெர் ப்ராசஸ் லிமிட்’ என்று இருந்தால் செயலி தனக்குரிய வரம்பைத் தானே தாண்டியிருக்கிறது. வேறு காரணம் என்றால் பிற செயலிகளின் நெருக்கடியில் அது பலியாகியிருக்கலாம்.

எண்களைப் பெயர்களாக மாற்றுதல்

வெளியீட்டுப் பதிப்பிலிருந்து வரும் ஸ்டேக் டிரேஸில் பொருளற்ற எழுத்துகளோ வெறும் முகவரிகளோதான் இருக்கும். அவற்றைப் பெயர்களாக மாற்றும் கோப்பு பில்டு செய்த கணத்தில் பிறக்கிறது. அப்போது சேமிக்காவிட்டால், அதே குறிமுறையைப் பின்னால் மீண்டும் பில்டு செய்தாலும் அது அப்படியே பொருந்தும் என்ற உறுதி இல்லை. ஆண்ட்ராய்டில் ஆர்8 என்ற கருவி குறிமுறையைச் சுருக்கியபோது எழுதிய மேப்பிங் கோப்பை ‘ரீட்ரேஸ்’ கருவிக்கும், நேட்டிவ் நூலகங்களின் சுருக்கப்படாத பிரதிகளை ‘என்டிகே ஸ்டேக்’ கருவிக்கும் தர வேண்டும். ஐஓஎஸ்ஸில் டிசிம் என்ற, முகவரிகளுக்குரிய பெயர்களைத் தாங்கிய கோப்பு தேவை. அதன் யூயூஐடி (தனித்த அடையாள எண்), அறிக்கையின் பைனரி இமேஜஸ் பகுதியில் உங்கள் செயலிக்கு எதிரே உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ‘டுவார்ஃப்டம்ப்’ கருவியால் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். பொருந்தாத கோப்பைக் கொண்டு மாற்றினால், நம்பத்தக்கதுபோல் தோன்றும் தவறான செயற்கூறின் பெயர் கிடைக்கும் ஆபத்து உண்டு. எனவே ஒவ்வொரு வெளியீட்டின் மேப்பிங் கோப்பையும் டிசிம்மையும் பில்டு எண்ணின் பெயரில் தனி அடைவில் சேமிக்கும் வேலையைப் பில்டு செய்யும் ஸ்கிரிப்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

கடைகளில் வெளியான செயலிக்கு, பிளே கன்சோலின் ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ் பகுதியும் எக்ஸ்கோடின் ஆர்கனைசரும் பயனர்களிடமிருந்து திரண்ட கிராஷுகளைக் காட்டும். தரவைப் பகிர ஒப்புக்கொண்ட பயனர்களின் அறிக்கைகளே அங்கே வருவதால், குறிப்பிட்ட ஒருவரின் சிக்கலுக்கு அவருடைய கைப்பேசியிலிருந்தே பதிவை எடுப்பது சிறந்தது.

பெற்ற பதிவைக் கையாளுதல்

பக்ரிப்போர்ட்டிலும் சிஸ்டயக்னோஸிலும் உங்கள் செயலியின் தகவல் மட்டும் இருப்பதில்லை. நிறுவிய பிற செயலிகளின் பட்டியல், வைஃபை பெயர்கள், கணக்கு விவரங்கள் போன்றவையும் அவற்றில் இருக்கலாம். கோப்பை அனுப்பும்படி கேட்கும் முன்பே பயனரிடம் இதைத் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். கிராஷ் தாங்ககமோ ஒற்றை ஐபிஎஸ் கோப்போ போதும் என்றால் பெரிய பொட்டலத்தைக் கேட்காதீர்கள். பொதுவான பிழைப் பட்டியலில் இணைக்கும்போது, நேரத்தைச் சுற்றிய பகுதியை மட்டும் வெட்டி, அதிலுள்ள மின்னஞ்சல் முகவரிகளையும் அணுகல் டோக்கன்களையும் மறைத்து இணையுங்கள். மூலக் கோப்பை மாற்றாமல் தனியே வையுங்கள்.

வேலை முடிந்ததும் பயனரின் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தாங்கக அளவைப் பழைய நிலைக்கு மாற்றி, டெவெலப்பர் விருப்பங்களில் யூஎஸ்பி பிழைத்திருத்த அனுமதிகளைத் திரும்பப் பெறும் தெரிவை அழுத்தி, பிழைத்திருத்தத்தை அணையுங்கள். ஐஃபோனில் சோதனைக்காக டெவெலப்பர் மோடை இயக்கியிருந்தால் அதையும் அணைத்து, கைப்பேசி ஒருமுறை மறுதொடக்கம் ஆகும் என்பதைச் சொல்லி, பதிவுகள் அனைத்தும் கணினியில் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பின்பே கைப்பேசியை உரியவரிடம் திருப்பிக் கொடுங்கள்.